ராணுவத் தளமும் பக்கத்து ஊரின் பொருளாதாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத் தளத்துக்கும் அதன் பக்கத்து ஊருக்கும் உள்ள பொருளாதார உறவை ஏன் தனியாகப் பேச வேண்டும்?

ஒரு தொழிற்சாலை வந்தாலும் ஊர் வளர்கிறது; ஒரு பல்கலைக்கழகம் வந்தாலும் வளர்கிறது. ராணுவத் தளம் இவ்விரண்டிலிருந்தும் மாறுபட்டது. அது சந்தைக்காக எதையும் விளைவிப்பதில்லை. அதன் செலவு முழுவதும் தொலைவிலுள்ள கருவூலத்திலிருந்து வருகிறது. அங்கே எத்தனை பேர் இருக்க வேண்டும், எப்போது வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதை ஊரின் தேவையோ வணிக நிலவரமோ முடிவு செய்வதில்லை. ஆகவே நாடெங்கும் வணிகம் படுத்திருக்கும் ஆண்டில் தளமுள்ள ஊரில் சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருக்கும். நாடெங்கும் செழிப்பாக இருக்கும் ஆண்டில் அதே ஊரின் கடைவீதி வெறிச்சோடியும் கிடக்கலாம். உறவு மிகப் பழையது. தமிழில் பாளையம் என்ற சொல்லுக்கே படை தங்குமிடம் என்று பொருள் உண்டு. இங்கிலாந்தில் செஸ்டர் என்று முடியும் ஊர்ப் பெயர்களில் பல, ரோமானியப் படைமுகாம்கள் இருந்த இடங்களைக் காட்டுகின்றன. படை போய்விட்டது, ஊர் நின்றுவிட்டது.

தளத்திலிருந்து ஊருக்குப் பணம் எந்தெந்த வழிகளில் வருகிறது?

எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது படைவீரரின் சம்பளம். ஆனால், ஊருக்கு அதைவிட உறுதியான வருமானம் பெரும்பாலும் தளத்தில் வேலை செய்யும் பொதுமக்களின் ஊதியத்திலிருந்தே வருகிறது. பழுதுபார்ப்போர், கணக்கர், மின்பணியாளர், மருத்துவமனை ஊழியர் போன்றோர் ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போகிறவர்கள் அல்லர். கப்பல் கட்டும் துறையும் பழுதுபார்க்கும் பணிமனையும் உள்ள கடற்படைத் தளம், அதே அளவு ஆட்களைக் கொண்ட காலாட்படை முகாமைவிட ஊருக்கு அதிகம் கொடுப்பதற்கு இதுவே காரணம். மூன்றாவது வழி ஒப்பந்தங்கள். கட்டுமானம், குப்பை அகற்றல், உணவு வழங்கல் போன்றவற்றில் உள்ளூர் நிறுவனத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது ஒப்பந்தத்தின் அளவைப் பொறுத்தது; பெரிய ஒப்பந்தங்களைத் தேசிய அளவிலான நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும்போது உள்ளூரார் அவர்களுக்கு அடுத்தபடியில் துணை ஒப்பந்ததாரர்களாக நிற்கிறார்கள். நான்காவது வழி ஓய்வூதியம். முன்பு பணியாற்றிய இடத்தருகே, படைமருத்துவமனை வசதிக்காகவே குடியேறும் ஓய்வுபெற்றவர்கள் பல ஊர்களில் நிலையான வாடிக்கையாளர்கள்.

இந்த நான்கையும் கூட்டி, தளம் ஆண்டுக்கு இத்தனை கோடி கொண்டுவருகிறது என்று சொல்லும் அறிக்கைகளைச் சற்று எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். தளத்துக்குள் செலவாகும் தொகையும் தளத்தின் வாயிலைத் தாண்டி ஊருக்குள் வரும் தொகையும் ஒன்றல்ல. ஒரு போர் விமானத்துக்கு மாற்றப்படும் இயந்திரத்தின் விலை தளத்தின் செலவுக் கணக்கில் ஏறும். அதில் ஒரு காசுகூடப் பக்கத்து ஊரின் கடைக்கு வருவதில்லை.

தளத்துக்குள்ளேயே கடைகள் இருக்கும்போது வெளியே யார் வாங்குவார்கள்?

ஊருக்கு வர வேண்டிய பணம் இப்படித் தளத்துக்குள்ளேயே கசிந்துவிடுவதுதான் ஊர் வணிகர்களின் நீண்டநாள் மனக்குறை. அமெரிக்கத் தளங்களில் உள்ள மளிகை அங்காடிகள் விற்பனை வரியின்றி, கொள்முதல் விலையோடு 5 சதவீதக் கூடுதல் கட்டணம் மட்டும் சேர்த்து விற்கும் முறையில் வளர்ந்தவை. அரிசி, பால், சோப்பு போன்ற அன்றாடப் பொருள்களில் அவற்றோடு வெளிக்கடை போட்டியிடுவது கடினம். வாயிலுக்கு எதிரே உள்ள சாலையைப் பார்த்தால் இதன் விளைவு நேராகத் தெரியும். தளத்துக்குள் கிடைக்காதவையும் கிடைக்க நேரமாகிறவையும்தான் அங்கே விற்கப்படுகின்றன. சீருடையில் பெயர்ப்பட்டையும் பதவிச் சின்னமும் தைத்துத் தரும் தையற்கடை, ஒட்ட வெட்டும் முடிதிருத்தகம், பச்சை குத்தும் கடை, பழைய கார் விற்பனையகம், அடகுக் கடை, மதுக்கூடம், மாத வாடகைக்குப் பொருள்களைப் பூட்டி வைக்கும் கிடங்கு என்ற வரிசை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அதிகம் மாறுவதில்லை. அமெரிக்கப் படையினருக்குச் சம்பளம் மாதத்தின் 1 ஆம் தேதியும் 15 ஆம் தேதியும் வருகிறது. அந்தச் சாலையின் வியாபாரமும் மாதத்தில் இருமுறை பொங்கி இருமுறை வடிகிறது.

இந்த வரிசையில் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். நிலையான அரசுச் சம்பளமும் அனுபவமின்மையும் ஒருசேர உள்ள பத்தொன்பது வயது இளைஞர், கடன் கொடுப்பவருக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர். சம்பளத்தை எதிர்நோக்கிக் குறுகிய காலக் கடன் தரும் கடைகள் தளங்களைச் சுற்றிக் குவிந்ததால்தான், அமெரிக்க நாடாளுமன்றம் 2006 இல் படையினருக்குத் தரும் இத்தகைய கடன்களுக்கு ஆண்டு வட்டி 36 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இயற்றியது. தளம் தரும் வணிகம் எல்லாமே ஊருக்கு நன்மை என்று கூட்டிப் போடுவோர் இந்தக் கடைகளின் வருமானத்தையும் அதே பக்கத்தில்தான் எழுதுகிறார்கள்.

படைப்பிரிவு போர்முனைக்கு அனுப்பப்பட்டால் ஊர் என்ன ஆகிறது?

1990 ஆகஸ்டில் வளைகுடா நெருக்கடி தொடங்கியபின், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹுட் கோட்டை என்ற ராணுவத் தளத்திலிருந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் சவுதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1942 இல் முகாம் வந்ததால் பெருத்த கில்லீன் என்ற பக்கத்து ஊரில் கடைகளும் உணவகங்களும் சில வாரங்களில் படுத்தன. வீரர்கள் போவதோடு இது நிற்பதில்லை. இளம் மனைவியர் பலர் குழந்தைகளோடு பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். வாடகை வீடுகள் காலியாகின்றன. மாணவர் எண்ணிக்கை குறைகிறது. வாடகைக் கிடங்குக்காரர் மட்டும் விதிவிலக்கு, அவருக்கு அப்போதுதான் இடம் போதாமல் போகிறது. படை திரும்பும்போது, சேர்ந்திருந்த போர்க்களப் படியோடு வருவதால், கார்களும் வீட்டுப் பொருள்களும் ஒரே மூச்சில் விற்கின்றன. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு சிறியதாகத் தெரியலாம். கையிருப்பு இல்லாத சிறு கடைக்காரர் அந்த ஆண்டின் நடுவிலேயே மூடிவிட்டுப் போயிருப்பார்.

வீட்டு வாடகை உயர்வதற்குத் தளம் காரணமா?

பெரும்பாலும் ஆம். தளத்துக்கு வெளியே குடியிருக்கும் வீரருக்கு அரசு வீட்டு வாடகைப்படி தருகிறது. அந்தப் படி எவ்வளவு என்பது பதவிவாரியாக வெளியிடப்படும் தகவல். ஆகவே வீட்டுக்காரருக்குத் தம்மிடம் வருபவர் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது; வாடகை அந்தத் தொகையை ஒட்டியே போய் நிற்கிறது. படியை உயர்த்தினால் வாடகையும் உயர்கிறது. இதில் வீரருக்கு இழப்பில்லை. படி கிடைக்காத பள்ளி ஆசிரியரும் கடை ஊழியரும்தான் ஊரின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறார்கள். படை சுருங்கும்போது இதே இயக்கம் தலைகீழாகி, கடன் வாங்கி வாடகை வீடு கட்டியவர்களைத் தாக்குகிறது.

நகராட்சிக்கு வரி வருமானம் கூடுமா?

கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். சொத்து வரியைப் பொறுத்தவரை பெரும்பாலும் குறைகிறது. மத்திய அரசின் நிலத்துக்கு உள்ளாட்சி வரி விதிக்க முடியாது என்பது பல நாடுகளில் வழக்கம். ஊரின் நடுவே ஆயிரக்கணக்கான ஏக்கர் வரியின்றிக் கிடக்க, அங்கே வாழும் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பள்ளியும், அவர்களின் வண்டிகளுக்குச் சாலையும் ஊர் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை ஈடுசெய்யத்தான் அமெரிக்கா 1950 முதல் இத்தகைய பள்ளி மாவட்டங்களுக்குத் தனி மானியம் வழங்கி வருகிறது. மானியம் நாடாளுமன்றத்தின் ஆண்டு ஒதுக்கீட்டைச் சார்ந்தது. வரி வசூலைப் போல ஊரின் கையில் இருப்பதன்று.

இதை ஒட்டிய இன்னொரு பலவீனமும் உண்டு. 2013 இல் அமெரிக்க அரசின் செலவுக் குறைப்பு நடைமுறைக்கு வந்தபோது, பாதுகாப்புத் துறையின் பொதுமக்கள் ஊழியர்கள் சுமார் 6,50,000 பேருக்கு ஊதியமில்லாத கட்டாய விடுப்பு அறிவிக்கப்பட்டது. அறிவித்த 11 நாள்கள் பின்னர் 6 ஆகக் குறைந்தன. எந்தத் தளமும் மூடப்படவில்லை, எந்த வீரரும் இடம்பெயரவில்லை. இருந்தும் வர்ஜீனியாவின் நார்ஃபோக் போன்ற கடற்படை ஊர்கள் அந்தக் கோடையில் செலவைச் சுருக்கின.

அந்நிய நாட்டின் தளமாக இருந்தால் கணக்கு மாறுமா?

மாறும், முதன்மையாக நாணய மாற்று விகிதத்தால். மேற்கு ஜெர்மனியில் 1960 வாக்கில் ஒரு டாலருக்கு நான்கு மார்க்குக்கு மேல் கிடைத்தது. அமெரிக்கப் படையின் சாதாரணச் சிப்பாயின் சம்பளமும் கைசர்ஸ்லாட்டர்ன் போன்ற தள ஊர்களில் தாராளமாகச் செலவழிக்கப் போதுமாயிருந்தது. 1978 இல் ஒரு டாலர் இரண்டு மார்க்குக்கும் கீழே இறங்கியது. அதே வீரர், ஏறக்குறைய அதே தளம். ஆனால் ஊரில் வாங்கும் சக்தி பாதியாகிவிட, அவர் தளத்துக்குள் இருக்கும் அங்காடிக்கே திரும்பினார். ஊர்க்காரர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

வாடகை யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி, சீனா ஆகியவை தளம் வைத்திருக்கின்றன. சீனாவினுடையது 2017 இல் திறக்கப்பட்டது. அமெரிக்கா மட்டும் தன் முகாமுக்கு 2014 இல் ஆண்டுக்குச் சுமார் 6.3 கோடி டாலர் வாடகை தர ஒப்புக்கொண்டது. அந்தத் தொகை அரசின் கருவூலத்துக்குச் செல்கிறது. தளத்தின் சுவரை ஒட்டி வாழ்பவரைச் சென்றடைவது அந்த அரசின் மனநிலையைப் பொறுத்தது.

பொருளாதாரக் கணக்கில் வராத விலை ஏதேனும் உண்டா?

உண்டு. தென்கொரியாவில் அமெரிக்கத் தளங்களைச் சுற்றி உருவான முகாம் ஊர்களில் பாலியல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டும் வழியாகவே கருதப்பட்டது. அதை அரசே ஊக்குவித்து ஒழுங்குபடுத்தியது என்பதை ஏற்று, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. முகாம் ஊரின் அன்றைய வருமானக் கணக்கில் வரவாக எழுதப்பட்டது, பல பத்தாண்டுகள் கழித்து அரசின் கணக்கில் கடனாக வந்து நின்றது. விமான இரைச்சலுக்கும் இதே தன்மை உண்டு. ஜப்பானின் தென்கோடித் தீவு மாநிலமான ஒகினாவாவில், கினோவான் நகரின் நடுவே அமைந்துள்ள ஃபுடென்மா என்ற அமெரிக்க விமானத் தளத்தைச் சுற்றி வாழ்வோர் தொடுத்த வழக்குகளில் ஜப்பான் அரசு இழப்பீடு செலுத்த நேர்ந்திருக்கிறது.

தளம் மூடப்பட்டால் ஊர் அழிந்துவிடுமா?

அழிந்துவிடும் என்ற அச்சம் எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரி எழுகிறது. நடப்பது ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கா 1988, 1991, 1993, 1995, 2005 ஆகிய ஐந்து சுற்றுகளில் நூற்றுக்கணக்கான தளங்களை மூடியது அல்லது சுருக்கியது. அந்த மூடல்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் பலர், வேலையிழப்பு பெரும்பாலும் தளத்தின் நேரடி வேலைகளோடு நின்றுவிட்டதாகவும், அஞ்சிய அளவுக்கு ஊர் முழுவதும் பரவவில்லை என்றும் கண்டார்கள். வியப்புக்கு இடமில்லை. வாயிலைத் தாண்டி வந்த பணம் குறைவாக இருந்ததால், அது நின்றபோது ஏற்பட்ட சரிவும் குறைவாக இருந்தது. ஜெர்மனியில் அந்நாட்டுப் படையின் தளங்கள் மூடப்பட்டதை ஆராய்ந்தவர்களும் சிறிய விளைவையே கண்டார்கள்; அமெரிக்கப் படை அங்கிருந்து விலகியதை ஆராய்ந்தவர்கள் உள்ளூர்த் தனியார் வேலைவாய்ப்பு உண்மையிலேயே பாதிக்கப்பட்டதாகக் கண்டார்கள். இரண்டும் முரண் அல்ல. தளத்துக்குள் உள்ளூராரை எவ்வளவு வேலைக்கு வைத்திருந்தார்கள், எவ்வளவு உள்ளூரில் வாங்கினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

சராசரி, தனி ஊரின் துன்பத்தை மறைத்துவிடும். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் உள்ள லைம்ஸ்டோனில் லோரிங் விமானப்படைத் தளம் 1994 இல் மூடப்பட்டது. 1990 இல் சுமார் 10,000 ஆக இருந்த அந்த ஊரின் மக்கள்தொகை 2000 கணக்கெடுப்பில் சுமார் 2,400 ஆகியிருந்தது. பெரிய நகரம் எதுவும் அருகில் இல்லை, ஓடுபாதையை வாங்க ஆளில்லை. கலிஃபோர்னியாவின் வல்லேஹோ சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டியிருந்தும் வேறு வகையில் சிக்கியது. 1854 முதல் இயங்கிய மேர் தீவுக் கப்பல் கட்டும் தளம் 1996 இல் மூடப்பட்டது. 2008 இல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. வீட்டு விலைச் சரிவும் ஊதிய ஒப்பந்தங்களும் உடனடிக் காரணங்கள் என்றாலும், தளம் இருந்த காலத்தின் செலவுப் பழக்கத்தைத் தளம் போன பின்னும் விடவில்லை என்பதே என் கருத்து.

மூடிய பின் தழைத்த ஊர்களில் என்ன நடந்தது?

சிங்கப்பூரே பெரிய சான்று. பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் அறிவித்தபோது, அந்தத் தளங்களின் செலவு அத்தீவின் உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. 1971 இறுதிக்குள் படை போயிற்று. செம்பவாங் கடற்படைத் துறைமுகம் பெயரளவுத் தொகைக்குக் கைமாறி வணிகக் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனமானது. சாங்கி விமானத் தளம் இருந்த இடத்தில் 1981 இல் பன்னாட்டு விமான நிலையம் திறந்தது. அங்கே மிஞ்சியது கட்டடங்கள் மட்டுமல்ல. பற்றவைக்கவும் கடையவும் தெரிந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களைச் சிதறவிடாமல் வைத்துக்கொண்டதே பெரிய காரியம்.

பிலிப்பைன்ஸின் சூபிக் வளைகுடாவில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தின் கதை இத்தனை நேர்கோட்டில் ஓடவில்லை. தள உடன்பாட்டை அந்நாட்டு மேலவை 1991 செப்டம்பரில் 12க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது. அதே ஆண்டு பினாத்துபோ எரிமலை எல்லாவற்றையும் சாம்பலால் மூடியிருந்தது. 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கக் கப்பல் கிளம்பியபோது, ஒலோங்காப்போ நகர மக்கள் சுமார் 8,000 பேர் ஊதியமின்றித் தன்னார்வலர்களாக நின்று கட்டடங்களைக் கொள்ளை போகாமல் காத்தார்கள். அந்நாட்டின் மற்றோர் அமெரிக்கத் தளமான, காவல் தளர்ந்திருந்த கிளார்க் விமானத் தளத்தில் கதவும் கம்பியும்கூடக் களவு போயின. சூபிக் தடையற்ற வணிகத் துறைமுகமானது. விமானச் சரக்கு நிறுவனமான ஃபெட்எக்ஸ் 1995 இல் தன் ஆசிய மையத்தை அங்கே அமைத்து 2009 இல் சீனாவுக்கு மாற்றிக்கொண்டது. பின்னர் வந்த ஹன்ஜின் கப்பல் கட்டும் நிறுவனம் 2019 இல் கடனில் முறிந்தது. ஒரே பெரிய முதலாளியைச் சார்ந்திருக்கும் வழக்கம் முதலாளி மாறியதால் மறையவில்லை.

திருப்பிக் கொடுக்கப்பட்ட நிலத்தை உடனே பயன்படுத்த முடியுமா?

அரிது. எரிபொருள் கசிவு, கரைப்பான்கள், வெடிக்காத குண்டுகள், தீயணைப்பு நுரையிலிருந்து நிலத்தடி நீரில் கலந்த வேதிப்பொருள்கள் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். கலிஃபோர்னியாவில் ஓர்டு கோட்டை 1994 இல் மூடப்பட்டு, அடுத்த ஆண்டே அதன் கட்டடங்கள் சிலவற்றில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. அதே தளத்தின் பயிற்சி மைதானங்களில் புதைந்த வெடிபொருள்களைத் தேடும் வேலையோ அதன் பிறகும் பல்லாண்டுகள் நீண்டது.

ஒகினாவா தளங்களை நம்பித்தான் வாழ்கிறதா?

ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஒகினாவாவில், அந்நாட்டில் அமெரிக்கப் படை தனித்துப் பயன்படுத்தும் நிலத்தில் சுமார் 70 சதவீதம் இருக்கிறது. 1972 இல் அமெரிக்க ஆட்சியிலிருந்து ஜப்பானிடம் திரும்பியபோது மாநில வருமானத்தில் சுமார் 15 சதவீதம் தளங்கள் சார்ந்தது. இப்போது அது 5 முதல் 6 சதவீதம் வரையில் உள்ளது. நாஹா நகரில் 1987 இல் திருப்பிக் கொடுக்கப்பட்ட படைக் குடியிருப்பு நிலத்தில் அங்காடிகளும் அலுவலகங்களும் எழுந்த பின், அந்த இடத்தின் நேரடிப் பொருளாதாரப் பயன் ஆண்டுக்கு 520 கோடி யென்னிலிருந்து 16,340 கோடி யென்னாக உயர்ந்தது என்று மாநில அரசு கணக்கிட்டிருக்கிறது. முப்பது மடங்குக்கு மேல். நகரின் பழைய கடைவீதிகளிலிருந்து இங்கே நகர்ந்த வியாபாரமும் அதில் இருக்கும் என்பதால் அதை முழு லாபமாகக் கொள்ள முடியாது. ஆயினும் நகர நடுவே வேலியிடப்பட்ட நிலம் எதைத் தடுத்து நிறுத்தியிருந்தது என்பதை அந்த எண் காட்டுகிறது.

மறுபுறத்தில், தளத்துக்கு நிலம் கொடுத்த பல்லாயிரம் உரிமையாளர்களுக்கு ஜப்பான் அரசே ஆண்டு வாடகை தருகிறது. தவறாமல் வரும் அந்த வாடகையின் காரணமாக, கண்ணால் பார்க்கவும் காலால் மிதிக்கவும் முடியாத அந்த நிலங்கள், ஆண்டு வாடகையின் இத்தனை மடங்கு என்று விலை பேசி விற்கப்படுகின்றன. தளம் போக வேண்டும் என்று விரும்பும் அயலவரும் போகக்கூடாது என்று விரும்பும் நில உரிமையாளரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

புதிய தளம் வரவிருக்கும் ஊரின் நகராட்சி எதைக் கேட்டுப் பெற வேண்டும்?

வேலைகளின் எண்ணிக்கையை எல்லோரும் கேட்பார்கள். அதைவிட, அவற்றில் உள்ளூராருக்கு உரியவை எத்தனை, ஒப்பந்தங்களைச் சிறு நிறுவனங்கள் எடுக்கும் அளவுக்குப் பிரிப்பார்களா, பள்ளிக்கும் குடிநீருக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது, மாசு ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் பெறுவது நல்லது. எல்லாவற்றுக்கும் முன்னதாக நில உரிமையைக் கவனிக்க வேண்டும். டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் 1942 இல் படைக்கு நிலம் கொடுத்தபோது, தேவை முடிந்ததும் நிலம் நகரத்துக்கே திரும்ப வேண்டும் என்ற ஏற்பாட்டோடு கொடுத்தது. அரைநூற்றாண்டு கழித்து, 1993 இல் அந்த நிலத்தில் இயங்கிய பெர்க்ஸ்ட்ரம் விமானப்படைத் தளம் மூடப்பட்டது. புதிய விமான நிலையத்துக்கு அப்போது இடம் தேடிக்கொண்டிருந்த நகரம், நிலத்துக்காக யாரிடமும் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. 1999 இல் அங்கேயே பயணிகள் விமானங்கள் இறங்கத் தொடங்கின.